நரம்புன்னா எந்த நரம்பு?

குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கத்திலிருந்தும், எல்லைக்கு அந்தப் புறம் பலமநேர், சித்தூர், குப்பம் பக்கத்திலிருந்தும் வேலூருக்கு நரம்புச் சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்: "நரம்புல பிரச்சனை." சிக்கல் அந்த வார்த்தையிலேயே தொடங்கிவிடுகிறது. கெண்டைக்காலில் பச்சையாகப் புடைத்து நிற்கும் ரத்தக்குழாயும் நமக்கு நரம்பு. "நரம்பு ஊசி" போடுவதும் ரத்தக்குழாயில்தான். கழுத்து பிடித்துக்கொண்டால் "நரம்பு இழுத்துக்கிச்சு" என்கிறோம், அது தசை. முதுகுத்தண்டிலிருந்து கை கால்களுக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பு இவை எதுவும் இல்லை. என்சிஎஸ், இஎம்ஜி என்று சீட்டில் எழுதித் தரும் சோதனை பார்ப்பது அந்தக் கடைசி நரம்பையும் அது போய்ச் சேரும் தசையையும் மட்டும்தான். புடைத்த ரத்தக்குழாய்க்கு இங்கே வேலை இல்லை. சுவரொட்டிகளில் வரும் "நரம்புத் தளர்ச்சி"க்கும் இந்த மெஷினில் எந்த அளவும் கிடையாது.

அதனால் சோதனைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. என்ன தொந்தரவு என்பதை 'நரம்பு' என்ற சொல்லே வராமல் சொல்லிப் பாருங்கள். "கால் மதமதன்னு கீது" என்றால் தொட்டால் தெரியவில்லையா, தெரிகிறது ஆனால் துணி சுற்றியது போல இருக்கிறதா? செருப்பு காலை விட்டு நழுவியது தெரியாமல் நாலு அடி நடந்துவிடுகிறீர்களா? எறும்பு ஊர்கிறதா, மிளகாய் பூசியது போல எரிகிறதா? உணர்ச்சி சரியாக இருந்து, பலம் மட்டும் குறைகிறதா? தெலுங்கு பேசுகிறவர்கள் "திம்மிர்லு" என்றும் "மொத்துபாரிந்தி" என்றும் "மண்ட" என்றும் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். ஊறுவது ஒன்று, மரத்துப்போவது ஒன்று, எரிவது ஒன்று. நாம் மூன்றையும் 'மரத்துப்போச்சு' என்பதில் போட்டுவிடுகிறோம். எரிச்சல் மட்டும் இருப்பவருக்கு இந்தச் சோதனை பெரும்பாலும் நார்மல் என்றே வரும், காரணத்தைக் கீழே பார்க்கலாம். எந்த விரல், எந்தப் பக்கம், எத்தனை நாளாக, ராத்திரியா பகலா என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போனால் டெக்னீஷியன் எந்த நரம்பைப் பார்ப்பது என்பதே மாறும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இது வைத்தியம் இல்லை. பிசியோதெரபியில் "கரண்ட் வைப்பது" வேறு, இது வேறு. சோதனை முடிந்ததும் "அடுத்த கரண்ட் எப்போ?" என்று கேட்பவர்கள் உண்டு. அடுத்தது கிடையாது. இதில் அளப்பது மட்டும்தான்.

முதல் பாதி: வேகம்

தோலுக்கு மேலே ஒட்டும் தகடுகளை வைத்து, நரம்பு ஓடும் இடத்தில் ஒரு சின்ன மின் துடிப்பு கொடுத்து, அது போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது, எவ்வளவு பெரிய அலையாக வருகிறது என்று பார்ப்பது முதல் பாதி. சீட்டில் என்சிஎஸ் என்பது இதுதான். 1850-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் செய்ததும் இதே கணக்குதான்: நரம்பை இரண்டு இடத்தில் தூண்டி, நேர வித்தியாசத்தைக் கொண்டு தூரத்தை வகுப்பது.

கையை எடுத்துக்கொள்வோம். கட்டைவிரல் அடியில் உள்ள சதை மேட்டின் நடுவில் ஒரு தகடு, விரல் மூட்டில் ஒரு தகடு. தூண்டும் இடத்துக்கும் பதிவாகும் இடத்துக்கும் நடுவே எர்த் தகடு ஒன்று. மணிக்கட்டில் மீடியன் நரம்பின் மேல் 0.2 மில்லி செகண்டு அளவுக்குத் துடிப்பு கொடுத்து, கரண்டை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். அலை பெரிதாகிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் இன்னும் 20 சதவீதம் ஏற்றினாலும் பெரிதாகவில்லை என்றால்தான் நரம்பின் எல்லா இழைகளும் தூண்டப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். அடுத்து முழங்கை மடிப்பில் அதே போல. மணிக்கட்டிலிருந்து 3.6 மில்லி செகண்டு, முழங்கையிலிருந்து 8.0 மில்லி செகண்டு, நடுவே டேப்பில் 22 சென்டிமீட்டர் என்றால், 220 மில்லிமீட்டரை 4.4-ஆல் வகுக்க, வேகம் விநாடிக்கு 50 மீட்டர். டேப்பைத் தளர்த்திப் பிடித்து 24 சென்டிமீட்டர் என்று எழுதிவிட்டால் அதே நரம்பு 54-க்கு மேல் ஓடிவிடும். மெஷின் விலை எவ்வளவு ஆனாலும் தூரத்தை அளப்பது தையற்காரர் டேப்தான் என்பது நினைவில் இருக்கட்டும்.

தோராயமாக, பெரியவர்களுக்குக் கை நரம்புகளின் வேகம் விநாடிக்கு 50 மீட்டருக்கு மேலும், கால் நரம்புகளின் வேகம் 40-க்கு மேலும் இருக்க வேண்டும். மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் மேட்டுக்குச் செய்தி போக 4.4 மில்லி செகண்டைத் தாண்டக் கூடாது. அந்தத் தசையின் அலை 4 மில்லிவோல்ட்டுக்குக் குறையக் கூடாது. உணர்ச்சி நரம்பின் அலை இதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சின்னது. சுட்டுவிரலில் 20 மைக்ரோவோல்ட், கணுக்காலுக்குப் பின்னால் ஓடும் சூரல் நரம்பில் 6 மைக்ரோவோல்ட். ஒவ்வொரு லேபுக்கும் அளவு கொஞ்சம் மாறும். வயதானவர்களுக்குச் சூரல் அலை கிடைக்காமலே போகலாம், அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது.

இந்த 6 மைக்ரோவோல்ட்டைப் பிடிப்பதற்குத்தான் எண்ணெய் வேண்டாம் என்பது. கால் வலிக்குத் தைலமோ நல்லெண்ணெயோ ராத்திரி அழுத்தித் தேய்த்துவிட்டு அப்படியே வந்தால் தகடு ஒட்டாது. சோப்பு போட்டுக் குளித்துவிட்டு, பவுடர், கிரீம், மருதாணி எண்ணெய் எதுவும் இல்லாமல் வர வேண்டும். மெட்டி, மோதிரம், வளையல், மணிக்கட்டில் கட்டிய கயிறு எல்லாம் கழற்ற வேண்டியவை. கழற்ற முடியாத தாயத்து, வளையல் இருந்தால் முந்தின நாளே அதற்கு வழி பாருங்கள். முழங்காலுக்கு மேல் ஏற்றிவிடக்கூடிய உடை நல்லது. இறுக்கமான ஜீன்ஸோடு வந்தால் அதிலேயே பாதி நேரம் போய்விடும். பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சர்க்கரைக்காரர்கள் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டே வரலாம். இரண்டு கை, இரண்டு கால் என்றால் முக்கால் மணி நேரம் ஆகும், ஊசிப் பகுதி தனி.

இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உள்ளே பதித்த பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்கும் வழக்கமான சோதனையை எச்சரிக்கையோடு செய்வார்கள். மார்புக்கு வெளியே கம்பி வந்திருக்கும் தற்காலிக பேஸிங் இருந்தால் செய்யக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஊசிப் பகுதிக்கு முன் சொல்ல வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு வராதீர்கள்.

குளிர்ந்த கை பொய் சொல்லும்

இந்தச் சோதனையில் மிக அதிகமாக நடக்கும் தவறு எது என்று கேட்டால், தோலின் வெப்பம். கை 32 டிகிரி செல்சியஸ், கால் 30 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒரு டிகிரி குறைந்தால் வேகம் விநாடிக்கு 1.5 முதல் 2.5 மீட்டர் வரை குறையும், மணிக்கட்டு நேரம் ஏறத்தாழ 0.2 மில்லி செகண்டு நீளும். மார்கழியில் பலமநேரிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இறங்கி வந்தவரின் கை 28 டிகிரியில் இருக்கும். அப்படியே ஏசி அறையில் படுக்க வைத்து அளந்தால், உண்மையில் 3.9 இருக்க வேண்டிய நேரம் 4.7 என்று வரும். மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கிறது என்று ரிப்போர்ட் எழுதிவிடுவார்கள், அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து ஆபரேஷனும் ஆகிவிடலாம்.

குளிருக்கு ஓர் அடையாளம் உண்டு. வேகம் குறையும், ஆனால் அலையின் உயரம் கூடும். நோயில் உயரம் இப்படிக் கூடாது. மெதுவாகவும், அதே சமயம் வழக்கத்தைவிடப் பெரிதாகவும் அலை வந்தால் முதலில் கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துண்டைச் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் போதும். இங்கே ஒரு ஆபத்து. உணர்ச்சி குறைந்த கையாலும் காலாலும் சூட்டை உணர முடியாது. சர்க்கரை நோயாளிக்கும் தொழுநோய் வந்தவருக்கும் கொப்புளம் வந்த பிறகுதான் தண்ணீர் சுட்டது தெரியும். தண்ணீரை டெக்னீஷியனோ கூட வந்தவரோ தங்கள் முழங்கையில் ஊற்றிப் பார்க்க வேண்டும், நோயாளியைக் கேட்கக் கூடாது.

ரிப்போர்ட்டில் தோல் வெப்பம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத ரிப்போர்ட் எல்லாம் தவறு என்று இல்லை, ஆனால் "மிதமான தாமதம்" என்ற முடிவை வைத்து ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன் கேட்கலாம்.

மற்ற தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கால் வீக்கம் உள்ளவருக்கும் உடல் பருத்தவருக்கும் கரண்ட் நரம்பு வரை போய்ச் சேராது. அலை சின்னதாக வந்து, நரம்பு பாதி செத்துவிட்டதாகத் தோன்றும். கரண்டை அளவுக்கு மீறி ஏற்றினால் பக்கத்து நரம்பும் சேர்ந்து துடித்து அலை பொய்யாகப் பெரிதாகும். ஜெல்லை அள்ளித் தடவினால் இரண்டு தகடுக்கும் நடுவே அது பாலம் போட்டுவிடும். சிலருக்குப் பிறவியிலேயே முன்கையில் மீடியன் நரம்பிலிருந்து சில இழைகள் சுண்டுவிரல் பக்கம் போகும் அல்னார் நரம்புக்குத் தாவும். அது நோய் இல்லை. தெரியாதவர் அளந்தால் அல்னார் நரம்பில் அடைப்பு என்று எழுதிவிடுவார்.

இரண்டாவது பாதி: ஊசி

இஎம்ஜி என்பது தசைக்குள் மெல்லிய ஊசியை நுழைத்து, தசை தானாக என்ன பேசுகிறது என்று கேட்பது. இதில் கரண்ட் கொடுப்பதில்லை, ஊசி வழியாக மருந்தும் போவதில்லை. ஒரு முறை பயன்படுத்தி எறியும் ஊசிதானா என்று கேட்பதில் தவறே இல்லை, பாக்கெட்டைக் கண்முன் பிரிக்கச் சொல்லலாம். வலி உண்டு, ரத்தம் எடுப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். ஓரிரு நாள் கன்றிப்போயிருக்கும்.

முதலில் தசையை முழுதாகத் தளர்த்தி வைக்கச் சொல்வார்கள். ஆரோக்கியமான தசை சும்மா இருக்கும்போது ஸ்பீக்கரில் சத்தமே வராது. நரம்பு அறுந்துபோன தசை சும்மா இருக்காது. தகரக் கூரையில் தூறல் விழுவது போல டிக் டிக் என்று விட்டுவிடாமல் கேட்கும். மயோடோனியா என்ற தசை நோயில் புல்லட் வண்டியை முறுக்கிவிட்டது போல ஏறி, தானாக இறங்கி அடங்கும். பிறகு மெதுவாக அழுத்தச் சொல்வார்கள், அப்புறம் பலமாக. நரம்பு நோயில் அலைகள் குறைவாக, ஆனால் பெரிதாக வரும். தசை நோயில் சின்னச் சின்னதாக, லேசாக அழுத்தினாலே கும்பலாக வந்து குவியும். இந்த ஒரு வேறுபாட்டுக்காகத்தான் குத்துவது. அதனால் வலிக்குப் பயந்து முழு நேரமும் தசையை இறுக்கி வைத்திருந்தால், தளர்ந்த தசையில் கேட்க வேண்டியது கேட்காது. மூச்சை மெதுவாக விட்டு, எதிர்த் தசையை லேசாக அசைத்தால் இந்தத் தசை தளர்ந்துவிடும்.

தசை நோய் சந்தேகம் இருந்தால், தசை சேதத்தைக் காட்டும் சிபிகே ரத்தப் பரிசோதனையை ஊசிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும், குத்திய பிறகு அந்த அளவு கொஞ்சம் ஏறும். தசைத் துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சியையும் ஊசி போன அதே தசையில் செய்யக் கூடாது, எதிர்ப்பக்கம் செய்ய வேண்டும்.

எப்போது போவது?

அவசரப்பட்டு மூன்றாம் நாளே போய் "நார்மல்" என்று வாங்கி வந்து நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. நரம்பு மேலே அறுந்தாலும், கீழ்த்துண்டு உடனே சாகாது. தசையின் அலை குறைய 3 முதல் 5 நாள் ஆகும், உணர்ச்சி அலை குறைய 6 முதல் 10 நாள். ஊசியில் அந்தத் தூறல் சத்தம் வர, முதுகுத் தசைகளில் 10 முதல் 14 நாள், பாதத்துக்கு 3 வாரத்துக்கு மேலும் ஆகலாம். அடிபட்டு, எலும்பு முறிந்து, மணிக்கட்டு தொங்கிப்போன கையாக இருந்தால், மாவுக்கட்டு போட்டிருந்தாலும் புத்தூர்க் கட்டு போட்டிருந்தாலும் மூன்று வாரம் கழித்து எடுக்கும் சோதனையில்தான் நரம்பு வெறுமனே அழுந்தியிருக்கிறதா, அதன் இழைகள் செத்திருக்கின்றனவா என்று தெரியும். கட்டுக்குக் கீழே விரல்கள் நீலமாகி, வலி கூடிக்கொண்டே போனால் அது வேறு விஷயம். அதற்குச் சோதனை வேண்டாம், கட்டை அப்போதே பிரிக்க வேண்டும்.

ராத்திரி கையை உதறுகிறவர்கள்

ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் அப்பர் தைப்பவர்கள், குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுபவர்கள், தறி ஓட்டுபவர்கள், கர்ப்பிணிகள், தைராய்டு குறைந்தவர்கள், சர்க்கரைக்காரர்கள். இவர்களிடம் அதிகம் கேட்பது: ராத்திரி இரண்டு மணிக்குக் கை மரத்து விழித்துக்கொள்வது, உதறினால் சரியாகிவிடுவது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி. சுண்டுவிரல் தப்பித்துவிடும். மணிக்கட்டில் மீடியன் நரம்பு அழுந்துவதுதான் பெரும்பாலும்.

லேசான நிலையில் தனி அளவுகள் எல்லாம் நார்மலுக்குள் இருக்கும். அப்போது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மோதிரவிரலுக்கு இரண்டு நரம்பும் வருகின்றன. ஒரே விரலில், ஒரே தூரத்தில் தகடு வைத்து, மீடியன் வழியாகவும் அல்னார் வழியாகவும் அளந்து, வித்தியாசம் 0.5 மில்லி செகண்டு அல்லது அதற்கு மேல் என்றால் மீடியன் பின்தங்குகிறது. உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு 8 சென்டிமீட்டரில் அளந்தால் 0.4 போதும். இரண்டும் ஒரே கையில், ஒரே வெப்பத்தில் இருப்பதால் குளிரும் வயதும் உயரமும் இதைக் கெடுப்பது குறைவு. சீட்டில் "என்சிஎஸ் இரண்டு கை" என்று மட்டும் இருந்து இந்த ஒப்பீடு செய்யப்படாமல் நார்மல் என்று வந்திருந்தால், அது முழுப் பதில் இல்லை.

உணர்ச்சி அலை மட்டும் மெதுவானால் லேசானது, தசை நேரமும் நீண்டால் நடுத்தரம், உணர்ச்சி அலை காணாமலே போய்த் தசை அலையும் சின்னதானால் தீவிரம். லேசானதற்கு மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை ராத்திரி கட்டிக்கொள்ளச் சொல்வார்கள், தேவைப்பட்டால் ஸ்டீராய்டு ஊசி. கட்டைவிரல் மேடு குழிந்து, பீடிக்கு நூல் சுற்ற முடியாமல் நழுவ ஆரம்பித்திருந்தால் பட்டையை வைத்து நாள் கடத்த வேண்டாம். செத்த இழைகள் ஆபரேஷனுக்குப் பிறகும் முழுதாகத் திரும்புவது கடினம்.

சுண்டுவிரல் பக்கம் மரத்தால் கதை வேறு. முழங்கையில் அல்னார் நரம்பு. அளக்கும்போது முழங்கையை 70 முதல் 90 டிகிரி மடக்கி வைக்க வேண்டும். நீட்டி வைத்தால் நரம்பு பள்ளத்தில் சுருண்டு கிடக்கும், மேலே டேப்பில் அளக்கும் தூரம் உள்ளே இருப்பதைவிடக் குறைவாக வந்து வேகம் பொய்யாகக் குறையும். முழங்கையைத் தாண்டும் வேகம் முன்கை வேகத்தைவிட 10 மீட்டருக்கு மேல் குறைந்தால் அங்கே அழுத்தம் இருக்கிறது.

முழங்கை நரம்பு தடித்துக் கயிறு போலத் தட்டுப்பட்டால், இந்தப் பகுதியில் முதலில் நினைக்க வேண்டியது தொழுநோய். தேமல் இல்லாமலே நரம்பில் மட்டும் வரும் தொழுநோயும் உண்டு. அப்போது சோதனையில் ஒரு நரம்பு போய், பக்கத்து நரம்பு நன்றாக இருந்து, எதிர்க்காலில் இன்னொன்று போயிருக்கும், சீராக இருக்காது. சர்க்கரையில் இரண்டு காலிலும் ஒரே மாதிரி, விரல் நுனியிலிருந்து மேலே ஏறும். தொழுநோய்க்கு 6 அல்லது 12 மாதக் கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். நரம்பு வீங்கி வலித்துப் பலம் இறங்கினால் ஸ்டீராய்டு சீக்கிரம் தொடங்க வேண்டும், சில மாதம் தள்ளினால் விரல் மடங்கிப்போகும். மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்றி வைக்கும் ஆபரேஷனை பால் பிராண்ட் செய்து வளர்த்த ஊர் இதே வேலூர்தான். அந்த நிலைக்கு வராமல் பார்த்துக்கொள்வது இன்னும் சுலபம்.

பாதம் தொங்கினால்

மல்லாட்டை பறிக்க, நாற்று நட, குத்தவைத்து மணிக்கணக்கில் உட்கார்ந்து எழுந்தால் பாதம் தூக்க வரவில்லை, செருப்பு தரையில் தேய்கிறது. முழங்காலுக்கு வெளிப்பக்கம், எலும்பு முண்டுக்குக் கீழே பெரோனியல் நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. கால் மேல் கால் போட்டு உட்காருவதும், திடீரென்று உடல் இளைப்பதும்கூட அதை அழுத்தும். ஆனால் முதுகுத்தண்டிலிருந்து கிளம்பும் எல்5 என்ற நரம்பு வேர் முதுகில் அழுந்தினாலும் பாதம் தொங்கும். எம்ஆர்ஐ எடுத்தால் ஐம்பது வயதில் டிஸ்க் ஏதாவது பிதுங்கியே இருக்கும். அதைப் பார்த்து முதுகில் கத்தி வைப்பதற்கு முன் இந்தச் சோதனை மிகவும் உதவும்.

மூன்று விஷயம் கேளுங்கள். முண்டுக்குக் கீழும் மேலும் தூண்டிப் பார்த்தார்களா? கீழே பெரிய அலை, மேலே சின்ன அலை என்றால் அழுத்தம் அங்கேதான். பாத மேற்பரப்பின் உணர்ச்சி அலை எப்படி? முதுகு வேரில் பிரச்சினை என்றால் உணர்ச்சி அலை நார்மலாகவே இருக்கும், ஏனென்றால் உணர்ச்சி நரம்பின் செல் முதுகுத்தண்டுக்கு வெளியே இருக்கிறது, அதற்கு உள்ளே அழுந்தினால் வெளித்துண்டு சாகாது. மரத்துப்போன இடத்தில் அலை நார்மல் என்பது அபத்தமாகத் தோன்றும், ஆனால் அதுவே வேருக்கு அடையாளம். மூன்றாவது, டிபியாலிஸ் போஸ்டீரியர் என்ற தசையில் ஊசி போட்டார்களா? அது எல்5 வேரிலிருந்து வருகிறது, ஆனால் பெரோனியல் நரம்பு வழியாக இல்லை. அது கெட்டிருந்தால் பிரச்சினை முண்டில் இல்லை, மேலே.

பாதத்தின் மேல் உள்ள சின்னத் தசை செருப்பு வார் அழுத்தியே பலருக்கு வற்றியிருக்கும். அதில் மட்டும் அளந்து "நரம்பு போய்விட்டது" என்று எழுதினால் தவறாகப் போகும். முன்கால் தசையிலும் தகடு வைத்து, நல்ல காலோடு ஒப்பிட வேண்டும். நல்ல காலில் 5 மில்லிவோல்ட், கெட்ட காலில் 4 என்றால் வெறும் அடைப்புதான், சில வாரங்களில் திரும்பும். 0.5 என்றால் இழைகள் செத்திருக்கின்றன, நாளைக்கு 1 மில்லிமீட்டர் வளர்ந்துதான் வர வேண்டும். 10 சென்டிமீட்டருக்கு மூன்று மாதத்துக்கு மேல். அதுவரை பாதத்தைத் தாங்கும் பட்டை போட்டுக்கொண்டு, குத்தவைப்பதை நிறுத்த வேண்டும். ஊசி, டானிக் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது.

மீதிக் கேள்விகள்

பாதம் எரிகிறது, ராத்திரி போர்வை பட்டாலே தாங்கவில்லை, ஆனால் ரிப்போர்ட் நார்மல். இது பொய்யான எரிச்சல் இல்லை. எரிச்சலையும் சூட்டையும் கொண்டுபோவது மிக மெல்லிய இழைகள். இந்த மெஷின் தடித்த, வேகமான இழைகளை மட்டுமே பார்க்கும். சர்க்கரை அளவு, நீண்ட நாள் மெட்பார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12, இவற்றைப் பார்ப்பது இதைவிட உபயோகம்.

முதுகு வலி, கழுத்து வலி மட்டும் இருந்து பலம் குறையாதவருக்கு இந்தச் சோதனையில் கிடைப்பது மிகக் குறைவு.

கண்ணிமை துடிக்கிறது, கெண்டைச்சதை துள்ளுகிறது என்று பயந்து வருபவர்கள் உண்டு. தசை இளைக்காமல், பலம் குறையாமல் துள்ளல் மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. பலமும் குறைந்து சதையும் வற்றினால் மட்டும் கை, கால், முதுகு, முகம் என்று பல இடத்தில் ஊசி போட்டுப் பார்க்க வேண்டும். பதினெட்டு இருபது வயதுப் பையனுக்கு ஒரு கை மட்டும் வற்றி, குளிரில் விரல்கள் ஓடாமல் போனால் ஹிராயாமா என்ற நோயை நினைக்க வேண்டும். இதற்குக் கழுத்தைக் குனிய வைத்து எடுக்கும் எம்ஆர்ஐ தேவை, நேராகப் படுக்க வைத்து எடுத்தால் தப்பிப்போகும்.

சாயங்காலம் ஆக ஆக இமை சரிவது, சாப்பிடும்போது தாடை சோர்வது, படி ஏறினால் பலம் கரைவது என்றால் கேட்க வேண்டியது வேறு சோதனை: நிமிடத்துக்கு அல்ல, விநாடிக்கு 3 முறை தொடர்ந்து தூண்டிப் பார்ப்பது. முதல் அலையைவிட நான்காவது 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி தாவுவது சோர்ந்துபோகும் மயஸ்தீனியா நோயின் சந்தேகம் பலப்படும். கையில் குறையவில்லை என்றால் தோளிலும் முகத்திலும் பார்க்க வேண்டும். இந்த நோய்க்குச் சாப்பிடும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையைச் சோதனைக்கு 12 மணி நேரம் முன் நிறுத்தச் சொல்வார்கள். மூச்சு, விழுங்கல் தொந்தரவு இருப்பவர் டாக்டர் சொல்லாமல் அதை நிறுத்தவே கூடாது. பூச்சிமருந்து அடித்தவருக்கோ குடித்தவருக்கோ சில நாள் கழித்துக் கழுத்து தூக்க வராமல் போனாலும் இதே தொடர் தூண்டலில்தான் தெரியும், ஆனால் அவர் வார்டில் மூச்சுக் கண்காணிப்பில் இருக்க வேண்டியவர், சோதனை அங்கேயே நடக்கலாம்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் கடைசி வரி முடிவை மட்டும் படிக்காமல், எண்கள் உள்ள தாளையும் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்கும்போது "முன்பைவிட மோசம்" என்று சொல்ல, முன்பு என்ன இருந்தது என்ற எண்தான் வேண்டும். பழைய ரிப்போர்ட்டின் ஜெராக்ஸோடு போனால் அதே தசையில், அதே தூரத்தில் அளக்கச் சொல்லலாம்.

ஒரே ஒரு நிலைமையில் இதில் எதுவும் பொருந்தாது. காய்ச்சலோ பேதியோ வந்து போய் ஓரிரு வாரத்தில், இரண்டு காலும் மதமதத்து, நேற்று எழுந்து நடந்தவர் இன்று தரையிலிருந்து எழ முடியாமல், பலவீனம் மேலே ஏறிக்கொண்டே வந்தால் அது கியான் பாரே நோயாக இருக்கலாம். முதல் வாரம் என்சிஎஸ் நார்மலாகவே வரலாம், பல நேரம், முதுகுத்தண்டு வரை போய்த் திரும்பும் எஃப் அலை மட்டுமே காணாமல் போயிருக்கும். பத்து நாள் கழித்துத்தான் முழுதாகத் தெரியும். சோதனைக்கு டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார வேண்டாம். ஒரே மூச்சில் இருபது வரை எண்ண முடிகிறதா என்று வழியிலேயே கேட்டுக்கொண்டு, நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.